சீதனப் பணத்தில் பிறந்த வெள்ளிப் பட்டறை

மேஜை மேல் ஒரு பிரம்புக் கூடை. அதற்குள்ளே ஒரு வெள்ளைத் துணி. யாரோ அவசரமாக விரித்துவிட்டுப் போன மாதிரி ஒரு பக்கம் சுருங்கி, இன்னொரு பக்கம் குஞ்சம் வைத்த ஓரம் கூடைக்கு வெளியே தொங்குகிறது. ரொட்டி வைப்பதற்காகப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்து, அந்தச் சுருக்கத்தை நீவி விடலாமென்று கையைக் கொண்டு போனால் விரலில் 'டொக்'கென்று இடிக்கும். துணியும் வெள்ளி, கூடையும் வெள்ளி! மடிப்பு, நெசவு, குஞ்சத்தின் ஒவ்வொரு இழை, இஸ்திரி போட்ட தடம்கூட வெள்ளித் தகட்டில் உளியால் தட்டி எடுத்தது.

நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் ரஷ்யாவில் பணக்கார வீடுகளில் இப்படிப்பட்ட கூடைகளுக்கு அப்படி ஒரு மோகம். விருந்துக்கு வந்தவர்கள் ஏமாந்து கையை வைத்தால் வீட்டுக்கார அம்மாளுக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம். இந்த மாதிரி சாமான்களுக்குப் பேர் போன பட்டறைகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். மாஸ்கோவில் இருந்த பாவெல் ஓவ்சின்னிகோவ் என்பவருடைய வெள்ளிப் பட்டறை. ரஷ்ய வேலைப்பாடு என்றால் முட்டை செய்த ஃபாபெர்ஷேயைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஃபாபெர்ஷேயின் பெயர் உலகத்துக்குத் தெரிவதற்கு முன்பே ஓவ்சின்னிகோவின் வெள்ளி கப்பலேறி வெளிநாட்டுக் கண்காட்சிகளில் மெடல் வாங்கிக்கொண்டிருந்தது.

ஓவ்சின்னிகோவ் பிறந்தது 1830ல். பிறக்கும்போதே அடிமை. இளவரசர் வோல்கோன்ஸ்கி என்ற பிரபுவின் பண்ணையைச் சேர்ந்த குடும்பம். அந்தக் காலத்து ரஷ்யாவில் நிலம் யாருக்குச் சொந்தமோ, அதில் உழைக்கும் குடியானவனும் அவருக்கே சொந்தம். எஜமானர் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது, கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியாது. நிலத்தை விற்றால் ஆளும் சேர்ந்து போக வேண்டியதுதான். இந்தக் கொடுமை சட்டப்படி ஒழிந்தது 1861ல்.

பையனுக்குப் படம் போடுவதில் கை நன்றாக ஓடியது. அதைப் பார்த்து அவனை மாஸ்கோவுக்குத் தொழில் கற்க அனுப்பினார்கள். அங்கே அவனுடைய அண்ணனே வெள்ளிப் பட்டறை வைத்திருந்தார். அண்ணனிடமே எடுபிடியாகச் சேர்ந்து, உலை ஊதி, கம்பி இழுத்து, மெருகு போட்டு வேலை படித்தான். 1850 வாக்கில் விடுதலைச் சீட்டும் கிடைத்தது. இருபது வயசு. கையில் தொழில் இருக்கிறது, முதல் இல்லை. வெள்ளித் தொழிலில் முதல் இல்லாமல் என்ன செய்ய முடியும்? கூலி வேலைதான்.

கல்யாணம் நடந்தது. பெண் கொண்டு வந்த சீதனம் ஆயிரம் ரூபிள். அந்தப் பணத்தைப் போட்டுத்தான் 1853ல் சொந்தப் பட்டறை திறந்தார். அந்த அம்மாள் வீட்டுச் செலவுக்கென்றோ, நாளைக்குப் பிறக்கப் போகும் குழந்தைகளுக்கென்றோ அதை முடிந்து வைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை! வெள்ளிக்கு மேலே எழுதப்பட்டதென்னவோ 'பா. ஓவ்சின்னிகோவ்' என்ற பெயர்தான். முதல் போட்டவர் பெயரையும் ஓர் ஓரத்தில் பொறித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டறை மளமளவென்று வளர்ந்தது. 1867ல் பாரிஸ், 1873ல் வியன்னா என்று கண்காட்சிகளுக்குச் சாமான்கள் போயின. பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கிளை. பட்டத்து இளவரசராக இருந்த அலெக்சாந்தர் வாடிக்கைக்காரர் ஆனார். அவர்தான் 1881ல் மூன்றாம் அலெக்சாந்தர் என்ற பெயரில் சக்கரவர்த்தி ஆனவர். அரண்மனைக்குச் சாமான் கொடுப்பவர் என்பதற்கு அடையாளமாக, பெயருக்கு மேலே இரட்டைத் தலைக் கழுகு முத்திரை போடும் உரிமை கிடைத்தது. ஒரு காலத்தில் பிரபுவின் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் தாண்ட முடியாத மனிதர்!

இவருக்கு என்ன அப்படி விசேஷம் என்று கேட்கலாம். மாஸ்கோவில் சாஸிகோவ், க்லெப்னிகோவ் என்று பெரிய வெள்ளிக்காரர்கள் வேறும் இருந்தார்கள். வெள்ளித் துணிக் கூடை அவர்களும் செய்தவர்கள்தான். ஆனால் ஓவ்சின்னிகோவ் தன் மனசை வைத்தது எனாமலில். நம் நகைக் கடைகளில் 'மீனா வேலை' என்கிறோமே, அதுதான். பதினேழாம் நூற்றாண்டில் ரஷ்யாவில் வடக்கத்தி ஊர்களில் மிக அழகான எனாமல் வேலை இருந்தது. பிறகு மகா பீட்டர் காலத்திலிருந்து பிரபுக்களுக்கு எல்லாம் பிரெஞ்சு மாதிரி, ஜெர்மன் மாதிரி என்று ஆகிவிட்டது. உடுப்பு, பேச்சு, தட்டு, கரண்டி உள்பட. சொந்த ஊர்ப் பூவும் கொடியும் கிராமத்து வேலை என்று ஒதுக்கப்பட்டன. ஓவ்சின்னிகோவும் அவர் காலத்து ஓவியர்களும் பழைய ஏட்டுச் சுவடிகளின் ஓரச் சித்திரம், மரவீடுகளின் ஜன்னல் செதுக்கல், கிராமத்துப் பெண்கள் துண்டுகளில் சிவப்பு நூலால் போட்ட சேவல் பூவேலை, எல்லாவற்றையும் தேடி எடுத்து வெள்ளி மேல் ஏற்றினார்கள். பெயர் தெரியாத எத்தனையோ பாட்டிமாரின் தையல் சக்கரவர்த்தியின் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது இந்த வழியாகத்தான்.

அந்த எனாமலை எப்படிச் செய்வார்கள் தெரியுமா? பொறுமை என்றால் என்னவென்று அதில் பார்க்க வேண்டும்.

முதலில் வெள்ளியை மயிரிழைக் கம்பியாக இழுப்பார்கள். இரண்டு கம்பியைச் சேர்த்துக் கயிறு மாதிரி முறுக்கி, கொஞ்சம் நசுக்கித் தட்டையாக்குவார்கள். பிறகு அதைக் குறட்டால் வளைத்து வளைத்து இலை, இதழ், சுருள் என்று கோலம் போடுகிற மாதிரி பாத்திரத்தின் மேல் நிறுத்திப் பற்றவைப்பார்கள். இப்போது பாத்திரம் முழுக்கக் குட்டிக் குட்டி அறைகள் ஆகிவிடும். வண்ணக் கண்ணாடியை மாவு மாதிரி அரைத்து, தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் மெல்லிய தூரிகை நுனியால் நிரப்ப வேண்டும். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு, பால் வெள்ளைக்கு வெள்ளீயம், மாணிக்கச் சிவப்புக்குத் தங்கமே சேர்ப்பார்கள். சிவப்பு எனாமல் அதிகம் உள்ள சாமானுக்கு மதிப்பு ஏன் கூட என்று இப்போது புரிகிறதல்லவா?

பிறகு சூளைக்குள் வைப்பது. இங்கேதான் உயிர் போய் உயிர் வரும். கண்ணாடித் தூள் உருகுவது சுமார் 700லிருந்து 850 டிகிரி சூட்டுக்குள். சுத்த வெள்ளி உருகுவது 962 டிகிரியில். ஆனால் பாத்திரம் செய்வது சுத்த வெள்ளியில் இல்லையே. செம்பு கலந்த வெள்ளி அதற்கு வெகு முன்னாலேயே இளக ஆரம்பித்துவிடும். ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் ஒரு மாத வேலை ஒரு உருண்டை வெள்ளியாகத் திரும்பி வரும். வெந்து ஆறிய பிறகு கண்ணாடி சுருங்கிக் குழி விழும். மறுபடி நிரப்பி மறுபடி சூளை. இப்படி நாலு தடவை, ஐந்து தடவை. சில வர்ணம் சீக்கிரம் உருகும், சில நிதானமாக உருகும். அதையும் பார்த்து எது முதலில், எது கடைசியில் என்று முறை வைக்க வேண்டும். நாம் பருப்பையும் காயையும் ஒன்றாகப் போட்டு ஒன்று குழைந்து ஒன்று வேகாமல் நிற்குமே, அந்தச் சங்கடம்தான், விலை மட்டும் அதிகம்.

இதிலும் கஷ்டமான ஒரு வகை உண்டு. பின்னால் தகடே இல்லாமல் கம்பி வலைக்குள் எனாமலை நிறுத்துவது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சர்ச் ஜன்னலின் வண்ணக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவி வரும். அந்த வேலையிலும் ஓவ்சின்னிகோவ் பட்டறை பேர் வாங்கியது.

வெள்ளியில் கறுப்புப் படம் போடும் 'நீல்லோ' வேலையும் நடந்தது. வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் எல்லாம் கலந்து உருக்கிய கறுப்புக் கலவையைச் செதுக்கிய கோட்டுக்குள் இறக்குவார்கள். சிகரெட் பெட்டி மூடியில் மாஸ்கோ கோட்டை கொத்தளம் எல்லாம் பேனாவால் வரைந்த மாதிரி தெரியும்.

என்னென்ன சாமான்கள் செய்தார்கள் என்பதில் பெண்களுக்கு ருசியான சமாசாரம் நிறைய இருக்கிறது. ரஷ்யாவில் விருந்தாளியை வரவேற்பது ரொட்டியும் உப்பும் கொடுத்து. பூவேலைத் துண்டை விரித்து, அதன் மேல் தட்டு, தட்டில் வட்டமான பெரிய ரொட்டி, ரொட்டியின் உச்சியில் உப்புக் கிண்ணம். வந்தவர் ஒரு துண்டு பிய்த்து உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணம் முடிந்து வரும் பிள்ளையையும் மருமகளையும் மாமியார் இப்படித்தான் வாசலில் எதிர்கொள்வார். ராஜா ஊருக்கு வந்தால் ஊர் மொத்தமும் சேர்ந்து வெள்ளித் தட்டில் கொடுக்கும். 1883லும் 1896லும் நடந்த பட்டாபிஷேகங்களுக்கு நகரங்களும் கிராமங்களும் கொண்டு வந்து குவித்த தட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. மாஸ்கோ வெள்ளிக்காரர்களுக்கெல்லாம் அது நல்ல அறுவடைக் காலம்.

உப்புக் கிண்ணத்தில்கூட விளையாட்டு. ஒரு மர நாற்காலி மாதிரி செய்து, உட்காரும் பலகையைத் தூக்கினால் உள்ளே உப்பு!

அடுத்தது தேநீர். சிறு வயதில் தமிழில் வந்த ரஷ்யக் கதைப் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு 'சமோவார்' என்ற வார்த்தை மறந்திருக்காது. கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரம் மேஜை மேலேயே இருக்கும். அதைச் சுற்றிச் சர்க்கரைக் கிண்ணம், இடுக்கி, பால் குடுவை, வடிகட்டி, சின்னச் சின்னக் கரண்டி. எல்லாவற்றிலும் நீலமும் வெள்ளையும் சிவப்பும் பூத்திருக்கும். பெண்கள் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள், ஆண்கள் கண்ணாடி டம்ளரில் குடிப்பார்கள். சூட்டில் டம்ளரைத் தொட முடியுமா? அதற்காகக் கைப்பிடி வைத்த ஒரு கூடு செய்து டம்ளரை அதற்குள் இறக்கினார்கள். 'பொத்ஸ்தகான்னிக்' என்று பெயர். வாயில் நுழைய எனக்கு இரண்டு நாளாயிற்று. ஓவ்சின்னிகோவ் பட்டறையில் மிக அழகான கூடுகள் செய்திருக்கிறார்கள். டம்ளர்தான் கண்ணாடி. உடைந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். கூடு தலைமுறை தலைமுறையாக இருக்கும். இப்படி யோசித்தவர் யாரானாலும் கெட்டிக்காரர். அகப்பையும் படகும் கலந்த மாதிரி 'கோவ்ஷ்' என்ற பாத்திரம், ஒரே பாத்திரத்தில் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் குடிக்கும் 'பிராத்தினா' என்று இன்னும் இருக்கின்றன.

எனக்கு இந்த மனிதர் மேல் மரியாதை வந்தது வேறு காரணத்தினால். அந்தக் காலத்துப் பட்டறைகளில் தொழில் கற்க வரும் பையன்களின் பாடு ரொம்ப மோசம். எட்டு, பத்து வயசில் பெற்றவர்கள் கொண்டு வந்து விடுவார்கள். பையன் தண்ணீர் தூக்குவான், குழந்தை ஆட்டுவான், எஜமானி அம்மாளுக்குக் கடைக்குப் போவான், அடி வாங்குவான். தொழில் மட்டும் கற்கமாட்டான். ஓவ்சின்னிகோவ் தாமே எடுபிடியாக இருந்து வந்தவர். தமது தொழிற்சாலையிலேயே ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். சுமார் 300 பேர் வேலை செய்த இடத்தில் 130 பையன்கள் படித்தார்கள். ஐந்தாறு வருஷப் படிப்பு. எழுத்து, கணக்கு, படம் வரைதல், களிமண்ணில் உருவம் பிடித்தல், அப்புறம் தொழில். 1881ல் தொழிலாளிகளும் பட்டறைப் பையன்களும் எப்படி வாழ்கிறார்கள், எப்படி வாழ வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதி அச்சிட்டார். வெள்ளி வியாபாரி ஒருவர் இந்த விஷயத்துக்காகப் பேனா எடுத்தார் என்பது சாதாரணமில்லை. அவர் நல்லவர் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. படம் வரையத் தெரியாத பையன் எனாமல் கம்பியை எப்படி வளைப்பான்? பள்ளிக்கூடத்தால் பட்டறைக்கும் லாபம்தான். இரண்டும் சேர்ந்து போனதில் தப்பென்ன!

இங்கே முத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய ரஷ்ய வெள்ளியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 84 என்று எண் இருக்கும். அவர்கள் கணக்கில் சுத்த வெள்ளி என்பது 96. ஆக 84 என்றால் நூற்றுக்கு எண்பத்தேழரை பங்கு வெள்ளி. 88, 91 என்று உயர்ந்த மாற்றும் உண்டு. கடையில் 92.5 என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மாதிரி. எண் பக்கத்தில் அரசாங்க முத்திரை. மாஸ்கோ வெள்ளியில் குதிரை மேல் உட்கார்ந்து பாம்பரக்கனைக் குத்தும் வீரன் இருப்பான். 1899லிருந்து அந்த வீரனை எடுத்துவிட்டு, தலையில் 'கொக்கோஷ்னிக்' என்ற கிரீடம் மாதிரி அணி வைத்த ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டார்கள். முதலில் இடது பக்கம் பார்ப்பாள். 1908லிருந்து வலது பக்கம் பார்ப்பாள். பழம்பொருள் வாங்குகிறவர்கள் இந்த அம்மாள் எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்பதை வைத்தே வருஷத்தைச் சொல்லிவிடுகிறார்கள்.

முத்திரையில் மட்டுமல்ல, பட்டறையிலும் ஒரு பெண் இருந்தார். மாஸ்கோவில் வசீலி செம்யோனொவ் என்பவர் 1852ல் தொடங்கிய வெள்ளிப் பட்டறையை 1896ல் அவர் மகள் மரியா ஏற்று நடத்தினார். அவர் காலத்தில்தான் அந்தப் பட்டறையின் வண்ண எனாமல் பேர் பெற்றது. மூத்தவர்கள் பலருக்கு நடுவில் ஒரு பெண் தன் பெயரின் முதல் எழுத்துக்களை முத்திரையாகப் போட்டு விற்றார் என்பதைப் படித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது.

ஓவ்சின்னிகோவ் 1888ல் காலமானார். பிள்ளைகள் தொழிலைத் தொடர்ந்தார்கள். 1893ல் சிகாகோ, 1900ல் பாரிஸ் என்று அவர்கள் காலத்திலும் பட்டறைக்குக் குறைவில்லை. 1914ல் யுத்தம் வந்தது. 1917ல் புரட்சி வந்தது. சக்கரவர்த்தியும் இல்லை, பட்டறையும் இல்லை. அறுபத்துநாலு வருஷத்தோடு கதை முடிந்தது.

அப்புறம் அந்தச் சாமான்களுக்கு நேர்ந்ததுதான் வயிற்றெரிச்சல். பசியில் வீட்டில் இருந்தவர்கள் ரொட்டிக்காக விற்றார்கள். 1922ல் பஞ்ச நிவாரணத்துக்கென்று சர்ச்சுகளில் இருந்த வெள்ளியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எவ்வளவோ உருக்கப்பட்டது. மிச்சத்தை வெளிநாட்டுக்கு விற்றார்கள். 1937, 38ல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோசப் டேவிஸின் மனைவி மார்ஜரி போஸ்ட், அம்மாதிரி சரக்கு அடைந்து கிடந்த கிடங்குகளில் புகுந்து பார்த்தார். கறுத்துப் போய்க் குவியலாகக் கிடந்த பாத்திரங்களைத் தராசில் போட்டு, கிராமுக்கு ஐந்து சென்ட் என்று கொடுத்தார்களாம். பூவேலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எடைக்கு விலை.

நமக்கும் இது தெரிந்த விஷயம்தானே? வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று ஒரு தொகை வைக்கிறார்கள். அதே சாமானைத் திருப்பிக் கொண்டுபோனால் செய்கூலி காற்றோடு போச்சு, எடை மட்டும்தான். "வெள்ளிக்கு எடைதான் அழகு" என்பார் என் மாமியார். அடகுக் கடைக்கு அது சரி. நாலு தடவை சூளையில் வைத்து, கண் எரிய எரிய ஒருவன் நிரப்பிய நீலத்துக்கு எந்தத் தராசில் எடை பார்ப்பது? அந்த அமெரிக்க அம்மாள் அதைப் பார்த்துத்தான் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டு போய்த் துடைத்து, இன்னும் பல இடங்களில் தேடிச் சேர்த்து, வாஷிங்டனில் ஹில்வுட் என்ற தன் வீட்டையே கண்காட்சியாக்கினார். 1973ல் அவர் இறந்த பிறகு, 1977ல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மாஸ்கோவில் சரித்திர அருங்காட்சியகத்திலும் ஓவ்சின்னிகோவ் வேலையைப் பார்க்கலாம்.

வீட்டில் எனாமல் போட்ட வெள்ளிச் சிமிழோ, மீனா வேலை செய்த குங்குமச் செப்போ வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மற்ற வெள்ளிச் சாமானைத் தேய்க்கிற மாதிரி இதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளிப்பு எனாமலின் பளபளப்பை அரிக்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு உடனே பச்சைத் தண்ணீரில் அலசுவதும் கூடாது. அது கண்ணாடியல்லவா, விரிசல் விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றி எடுத்தால் போதும். கறுப்பு வேலை செய்த வெள்ளியைக் கடையில் விற்கும் மருந்து நீரில் முக்கவே வேண்டாம். அழுக்கோடு படமும் போய்விடும்.

அந்த டம்ளர் கூடு மட்டும் ரஷ்யாவை விட்டு எங்கும் போகவில்லை. நீண்ட தூர ரயில்களில் இன்றைக்கும் தேநீர் கேட்டால் கண்ணாடி டம்ளரை அதற்குள் இறக்கித்தான் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். அது வெள்ளி இல்லை, முலாம் பூசிய சாதாரண உலோகம். ரயில் ஆடும்போது கரண்டி டம்ளரில் பட்டு 'கிணிங் கிணிங்' என்று சத்தம் போட்டுக்கொண்டே வருமாம்.